கிரகண நிழலில் ஓசோன்

ஒவ்வொரு சூரிய கிரகணத்தின்போதும் நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடியின் மேல் தர்ப்பை ஏறுகிறது. அடுப்பு அணைகிறது. கருவுற்ற பெண்கள் உள்ளறைக்கு அனுப்பப்படுகிறார்கள். குழந்தைகள் ஜன்னல் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவாகிறது. காரணம் கேட்டால் பாட்டி, "நம் வீட்டு வழக்கம் அப்படி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதில் ஒரு நேர்மை உண்டு. படித்த மகனோ மருமகனோ அதோடு நிற்பதில்லை. "கிரகண நேரத்தில் ஓசோன் படலம் மெலிந்துவிடுகிறது. அதனால் சூரியனின் விஷக் கதிர்கள் தடையின்றிப் பூமிக்கு இறங்குகின்றன. இதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்" என்று விளக்கம் சொல்கிறார். கேட்பவர்களுக்கு அது அறிவியல் போலவே ஒலிக்கிறது. பாட்டி சொன்னபோது தயங்கிய பெண்ணும் இப்போது பயந்து உள்ளே போகிறாள்.

இந்த விளக்கம் சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: சரியல்ல. ஆனால், கிரகணத்துக்கும் ஓசோனுக்கும் தொடர்பே இல்லை என்று கையை உதறிவிடவும் முடியாது. தொடர்பு உண்டு, அது வேறு உயரத்தில், வேறு திசையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆராய்ச்சியாளர்களே நெடுங்காலம் தடுமாறியிருக்கிறார்கள்.

முதலில் ஓசோன் பிறக்கும் விதம். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் 242 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் கொண்டவை ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளக்கின்றன. தனித்துவிடப்பட்ட அணு சும்மா இராது. இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு ஓசோனாகிறது. அந்த ஓசோனையும் சூரிய ஒளியே உடைக்கிறது. உடைந்து வந்த அணு மறுபடியும் ஒட்டுகிறது. எப்போதாவது ஓர் அணு ஓசோன் மூலக்கூறின் மேலேயே மோதினால், இரண்டும் சாதாரண ஆக்சிஜனாகி ஆட்டம் முடிகிறது. இந்தச் சக்கரத்தை 1930-இல் எழுதிக் காட்டியவர் சிட்னி சாப்மன் என்ற ஆங்கிலேய அறிஞர். நைட்ரஜன் ஆக்சைடுகளும் குளோரினும் அழிவை விரைவுபடுத்துகின்றன என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. அடிப்படைச் சக்கரம் இன்றும் சாப்மன் சொன்னதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஓசோனைக் கட்டுகிறவனும் சூரியன், உடைக்கிறவனும் சூரியன். "சூரியன் மறைந்தால் ஓசோன் குறையும்" என்று சொல்பவர்கள் கட்டும் வேலையை மட்டும் நினைக்கிறார்கள். உடைக்கும் வேலையும் அதே நிமிடத்தில் நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் நின்றால் விளைவு என்ன? அது உயரத்தைப் பொறுத்தது.

ஏரியும் சொம்பும்

தரையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் முதல் 50 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியை அடுக்கு மண்டலம் என்கிறோம். ஆங்கிலப் பெயரில் ஸ்ட்ராட்டோஸ்பியர். உலகிலுள்ள ஓசோனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இங்கேதான் இருக்கிறது. அதற்கு மேல் 85 கிலோமீட்டர் வரை இடை மண்டலம், அதாவது மீஸோஸ்பியர். அங்கே காற்று மிகமிக மெலிவு. ஓசோனும் மிகக் குறைவு.

பகல் வெளிச்சத்தில் 50 கிலோமீட்டருக்கு மேலே ஓர் ஓசோன் மூலக்கூறு உடைபடாமல் இருக்கும் நேரம் ஏறத்தாழ நூறு நொடி. உடைந்த அணு மறுபடி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி அதிகம். நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதற்கு முன்னரே ஒட்டிவிடுகிறது. 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ 15 நொடி. 60 கிலோமீட்டரில் இரண்டு நிமிடம். 70 கிலோமீட்டரில் இருபது நிமிடத்துக்கு மேல். ஆகவே கீழே எந்தக் கணத்திலும் தனி அணுக்கள் மிகச் சொற்பம். உடைவதும் சேர்வதும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. மேலே போகப் போக ஓசோனுக்கு நிகராகவும், அதைவிடப் பன்மடங்காகவும் தனி அணுக்கள் உலவுகின்றன.

இப்போது நிலவு சூரியனை மறைக்கட்டும். 60, 65 கிலோமீட்டர் உயரத்தில் உடைக்கும் கதிர் நின்றுவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே உடைந்து திரியும் அணுக்கள் ஒட்டுவதை யாரும் நிறுத்தவில்லை. அவை ஒட்டிக்கொண்டே போகின்றன. எனவே ஓசோன் கூடுகிறது! இரவில் அங்கே பகலைவிட ஓசோன் அதிகம் இருப்பதற்கும் இதுவே காரணம். கிரகணம் அங்கே ஒரு குட்டி இரவு.

கீழே 20, 25 கிலோமீட்டரில் நிலைமை வேறு. அங்குள்ள ஓசோன் பல மாதங்களாகச் சேர்ந்தது. காற்றோட்டம் அதை வெப்ப மண்டலத்திலிருந்து துருவங்களை நோக்கி மெல்ல நகர்த்துகிறது. பெரிய ஏரி ஒன்றின் வரத்து வாய்க்காலையும் மதகையும் இரண்டு மணி நேரம் சேர்த்து அடைத்தால் நீர்மட்டம் என்ன ஆகும்? கரையில் நிற்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அடியில் ஓட்டை விழுந்த சொம்பைக் குழாயடியில் வைத்திருந்து, ஓட்டையைச் சட்டென்று விரலால் அடைத்தால் நிமிடத்தில் நிறைந்துவிடும். அடுக்கு மண்டலத்தின் கீழ்ப்பகுதி ஏரி. இடை மண்டலம் சொம்பு.

சொம்பில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து தரையில் பரப்பினால், தென்னிந்தியாவில் அதன் தடிமன் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். இதை 250 டாப்சன் அலகு என்பார்கள். நூறு டாப்சன் அலகு ஒரு மில்லிமீட்டர். இதில் 50 கிலோமீட்டருக்கு மேலே இருப்பது ஓர் அலகு அளவுதான். அது முழுவதும் இரட்டித்தாலும் 250 என்பது 251 ஆகும், அவ்வளவே. கிரகணத்தால் ஓசோனில் மாறுதல் உண்டு, அதுவும் ஏற்றமே. ஆனால் நம்மைக் காக்கும் குடையின் கனத்தில் அது ஒரு பொருட்டே அல்ல.

தராசே தடுமாறினால்

இவ்வளவு தெளிவாகக் கணக்குச் சொல்லும்போது ஆராய்ச்சியாளர்கள் ஏன் தடுமாறினார்கள்?

ஓசோனை அளக்கும் முறையில் இருக்கிறது சிக்கல். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜி.எம்.பி. டாப்சன் 1920-களில் உருவாக்கிய முறை இது. 1928-இல் அவர் தம் கருவிகளை உலகின் பல மூலைகளுக்கு அனுப்பினார். எகிப்து, கலிபோர்னியா, நியூசிலாந்து ஆகியவற்றோடு நம் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்துக்கும் ஒன்று வந்தது. படத் தகடுகளை ஆக்ஸ்ஃபோர்டுக்கே தபாலில் திருப்பி அனுப்பி அளந்த காலம் அது! இந்திய ஓசோன் ஆராய்ச்சியைப் பின்னர் வளர்த்தவர்களுள் முதலில் நினைக்க வேண்டியவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் பிறந்த கே.ஆர். இராமநாதன். சர் சி.வி. இராமனின் மாணவர், ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1954 முதல் 1957 வரை நிலவடிவியல், புவி இயற்பியல் ஆகியவற்றுக்கான சர்வதேச ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். தமிழ் மண்ணை விட்டு வெளியே வந்து வேரூன்றிய நம்மவர் வரிசையில் அவர் பெயர் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் குறை.

டாப்சன் முறையின் சூட்சுமம் எளிது. புற ஊதாக் கதிரில் இரண்டு அலைநீளங்களை எடுத்துக்கொள்கிறார்கள். உதாரணமாக 305.5 நானோமீட்டர் ஒன்று, 325.4 மற்றொன்று. முதலாவதை ஓசோன் நன்றாக விழுங்கும். இரண்டாவதைச் சிறிதளவே தொடும். தரைக்கு வந்து சேரும் கதிரில் இவ்விரண்டின் விகிதத்தைப் பார்த்தால், இடையில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கிடலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சூரியனை விட்டுப் புறப்படும்போது இந்த இரண்டு கதிர்களும் எந்த விகிதத்தில் இருந்தனவோ அது மாறவே கூடாது.

கிரகணத்தில் அது மாறுகிறது. சூரிய வட்டம் எங்கும் ஒரே பிரகாசமாக இருப்பதில்லை. நடுவில் பளிச்சென்றும் விளிம்பில் மங்கியும் தெரியும். இதற்கு விளிம்பு மங்கல் என்று பெயர். அலைநீளம் குறையக் குறைய இந்த மங்கல் கூடுதல். நிலவு நடுப்பகுதியை மறைத்துப் பிறையளவு மட்டும் மிஞ்சும்போது கருவிக்குள் வருவது விளிம்பின் ஒளி. அதில் 305.5 பங்கு இயல்பாகவே குறைவு. கருவிக்கு இது தெரியாது. 'குறுகிய அலை குறைந்திருக்கிறது. ஓசோன்தான் கூடுதலாக விழுங்கியிருக்க வேண்டும்' என்று அது முடிவுகட்டுகிறது. இன்னொரு பக்கம், நேரடி ஒளி மங்கிய நிலையில் வானத்திலிருந்து சிதறிவரும் ஒளியும், கருவிக்குள் தவறிப் புகும் ஒளியும் சேர்ந்து கணக்கை எதிர்த்திசையில் இழுக்கின்றன. எடைக்கல்லின் எடையே நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் தராசை நம்பி என்ன பயன்? ஒருவர் ஓசோன் கூடியது என்றார். இன்னொருவர் குறைந்தது என்றார். மூன்றாமவர் அலையலையாக ஏறி இறங்கியது என்றார்.

1991 ஜூலை 11 கிரகணத்தின்போது ஓசோனின் மொத்த அளவில் ஏற்ற இறக்கங்களைக் கண்டதாக ஃபாரஸ்ட் மிம்ஸ் என்ற அமெரிக்கர் 1993-இல் எழுதினார். 1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள். ராஜஸ்தானின் நீம் கா தானாவிலிருந்து வங்காளத்தின் டயமண்ட் ஹார்பர் வரை முழு மறைவு தெரிந்தது. ஆமதாபாதில் பகுதி மறைவுதான். அங்கும் ஓசோன் அளவில் ஏற்றத்தாழ்வு காணப்பட்டதாக 1997-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஐரோப்பாவைக் கடந்து குஜராத் வரை வந்த 1999 ஆகஸ்ட் 11 கிரகணத்தை, கிரீஸ் நாட்டின் தெசலோனிக்கி உள்ளிட்ட பல இடங்களில் நல்ல கருவிகளைக் கொண்டு அளந்தார்கள். அப்போது விளிம்பு மங்கலின் கைவரிசை அளவீடுகளில் வெளிப்படையாகத் தெரிந்தது. அதற்குத் திருத்தம் செய்யாமல் பெற்ற எண்களை நம்புவதற்கில்லை என்பது உறுதியாயிற்று. முந்தைய அளவீடுகள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. சிறு அலைகள் உண்மையிலேயே இருக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

அப்படியானால் வழி? சூரிய ஒளியை நம்பாமல் ஓசோனை அளக்க வேண்டும். ஓசோன் மூலக்கூறு தன் வெப்பத்தாலேயே மெல்லிய நுண்ணலைகளை இரவும் பகலும் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கும் காது வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியான கிபோவில் 2009 செப்டம்பரில் அப்படி ஒரு காது போய்ச் சேர்ந்தது. ஸ்மைல்ஸ் என்று பெயர். முழுப் பூஜ்யத்துக்கு நான்கே பாகை மேலான குளிரில் வைத்து இயக்கப்பட்ட உணர்கருவி. அக்டோபரில் வேலையைத் தொடங்கியது. 2010 ஏப்ரலில் பழுதாகி ஓய்ந்தது. உழைத்தது ஏறத்தாழ ஆறே மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு கிரகணம் வந்து விழுந்தது அதிர்ஷ்டம் அல்லாமல் வேறென்ன?

அது நம் கிரகணம். 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து திருவனந்தபுரம், கன்னியாகுமரி, இராமேசுவரம், தனுஷ்கோடி, யாழ்ப்பாணம் வழியாகச் சென்ற கங்கண கிரகணம். தனுஷ்கோடியில் அந்தத் தீ வளையம் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது. கடலில் இடுப்பளவு நீரில் முழுகிக்கொண்டிருந்தவர்களுக்கு, பூமியைச் சுற்றும் ஒரு கருவி அதே நிழலின் உச்சியில் ஓசோனை அளந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. இடை மண்டலத்தில் மறைவு கூடக் கூட ஓசோன் கூடுவதும், சூரியன் வெளிப்பட வெளிப்படத் திரும்பி இறங்குவதும் உயரவாரியாகப் பதிவாயின. சாப்மனின் சக்கரத்திலிருந்து பெறப்படும் எளிய சமன்பாடுகளே அந்த எண்களோடு ஒத்துப்போயின என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். எண்பத்தைந்து ஆண்டு கழித்து ஒரு கோட்பாட்டுக்கு இப்படியும் ஒரு தேர்வு! ஓசோன் ஓட்டை எப்போது மூடும் என்று முன்கணிக்கும் பெரிய கணினி மாதிரிகளின் அடியிலும் இதே வேதியியல்தான் ஓடுகிறது. ஆகையால் இந்தத் தேர்வு வெறும் வேடிக்கை அல்ல.

நிழல் எழுப்பும் அலை

முன்னே ஒத்திவைத்த அலைக்கு வருவோம். ஓசோன் புற ஊதாவை விழுங்கும்போது வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது. அடுக்கு மண்டலத்தில் மேலே போகப் போகச் சூடு கூடுவது இதனால்தான். நிலவின் நிழல் கடந்துபோகும் பாதையில் இந்தச் சூடேற்றம் திடீரென்று நிற்கிறது. காற்று சற்றே குளிர்ந்து சுருங்குகிறது. நிழலின் வேகமோ மணிக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டருக்குக் குறைவதில்லை. அந்த உயரத்தில் ஒலியின் வேகம் 1,100, 1,200 அளவு. ஆக நிழல் ஒலியை முந்திக்கொண்டு ஓடும் ஒரு குளிர்ப் புள்ளி. படகு போனால் அதன் முனையிலிருந்து இருபுறமும் அலை விரிகிறதல்லவா? அதுபோலக் காற்றிலும் அலை விரிய வேண்டும் என்று சிமோனாஸ், ஹைன்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1970-இல் கணித்தார்கள்.

இதைத் தேடிப் பலர் அலைந்தார்கள். தெளிவான சான்று வந்தது 2009 ஜூலை 22 கிரகணத்தில். சூரத், போபால், வாராணசி, பாட்னா வழியே போனதே, அதே கிரகணம். தைவான், ஜப்பான் பகுதிகளில் இருந்த செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கிகளின் வலை, அயனி மண்டலத்தில் படகின் முனையலை போன்ற வடிவத்தைக் கண்டது. 2017 ஆகஸ்ட் 21-இல் அமெரிக்காவிலும் அதே வடிவம் பதிவாயிற்று. அதன் பிறப்பிடம் ஓசோன் படலமா, அதற்கும் மேலா என்பதில் விவாதம் உண்டு. நம் நாட்டில் 2010 கிரகணத்துக்குத் தும்பாவிலிருந்து ரோகிணி ராக்கெட்டுகளை முதல் நாளும் கிரகண நாளும் ஏவியது, நிழல் விழுந்த வேளையில் மேல் வளிமண்டலம் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

தரையருகே உள்ள ஓசோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெருநகரங்களில் வாழும் நமக்கு இது மூச்சுத் தொல்லை தரும் மாசு. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைப்பதால் பிறக்கிறது. கிரகணத்தில் இந்த உற்பத்தி நிற்கிறது. மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு இருக்கும் ஓசோனையும் தின்றுவிடுகிறது. ஆகவே இங்கே ஓசோன் உண்மையாகவே குறைகிறது. 2010-இல் தும்பாவிலும் கண்ணூரிலும் இது அளக்கப்பட்டது. 'கிரகணத்தில் ஓசோன் குறைந்தது' என்று எங்கோ ஒரு வரி படித்தவர்கள், அது தரையில் உள்ளதா தலைக்கு மேல் உள்ளதா என்று பார்க்காமல் விட்டதால்தான் விஷக்கதிர்க் கதை வலுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே கூடியது நம்மைக் காக்கும் அளவுக்கு இல்லை. கீழே குறைந்தது நமக்கு நல்லதே.

சரி, ஒரு பேச்சுக்கு மேலுள்ள ஓசோனே நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்ததாக வைத்துக்கொள்வோம். தோலைச் சுடும் புற ஊதா அதனால் ஐந்தாறு பங்கு கூடும். ஆனால் சூரியனின் முகத்தில் எண்பது பங்கு மறைந்திருக்கும்போது வரும் கதிரில் ஏறத்தாழ எண்பது பங்கு போய்விட்டது. மிஞ்சிய இருபது, இருபத்தொன்று ஆகும். சாதாரண நாளில் நூறையும் தாங்கிக்கொண்டு துணி உலர்த்தப் போகும் பெண்ணுக்கு, இந்த இருபத்தொன்று என்ன தீங்கு செய்யும்? பாத்திரத்திலுள்ள சாம்பாரைத்தான் என்ன செய்யும்?

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதற்கும் ஓசோனுக்கும் சம்பந்தமில்லை. மங்கிய சூரியனைப் பார்க்கக் கண் கூசுவதில்லை. ஆனால் மிஞ்சிய பிறையின் ஒவ்வொரு புள்ளியும் முழுப் பிரகாசத்தோடு விழித்திரையில் விழுகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. பாதிப்பு பின்னர்தான் புலப்படும். ஆகவே வெறும் கண்ணாலோ, எக்ஸ்ரே படச் சுருளாலோ, புகை பிடித்த கண்ணாடியாலோ பார்க்கக் கூடாது. அட்டையில் ஊசித்துளை இட்டு நிழலில் பிம்பத்தை விழச் செய்து பார்க்கலாம். வேப்பமரம் இருந்தால் அதுவும் வேண்டாம். இலைகளின் இடுக்கு வழியே தரையெல்லாம் பிறைகளாகச் சிதறிக் கிடக்கும். குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்ட ஏற்ற இடம் அதுதான்.

இனி வரப்போவதில் 2027 ஆகஸ்ட் 2-ஆம் தேதியது இந்தியாவில் பகுதி கிரகணமாகத் தெரியும். 2031 மே 21-இல் ஒரு கங்கண கிரகணம் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கிறது. முழுச் சூரிய கிரகணம் வேண்டுவோர் 2034 மார்ச் 20 வரை பொறுத்து லடாக் பக்கம் போக வேண்டும்.